பின்னலுக்குப் பின்துணி

இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களுள் சிலர் முகத்தில் புன்னகை தோன்றக்கூடும். கையால் பின்னி, அதன்மேல் பூத்தையல் போட்ட ஒரு பொருளுக்கு உட்புறமாகத் துணி வைத்துத் தைப்பது எவ்வாறு என்பதே அப்பொருள். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஊசியையும் நூலையும் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. என் பணிக்காலத்தில் நான் செய்த பிழைகளுள், இன்றளவும் என் உள்ளத்தை விட்டு நீங்காத பிழையொன்று இத்தையலைச் சார்ந்தது. அதனால் துன்புற்றவள் ஒரு மாணவி. அவளுக்கு நான் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியையேனும் இப்பேச்சினால் தீர்க்க விழைகின்றேன்.

ஓசூர்ப் பகுதி கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டு நிலம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மார்கழியிலும் தையிலும் இங்கே விடியற்காலையில் பனி இறங்கும். கீழ்நாட்டில் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் தேடாத கம்பளிச் சட்டையும் குல்லாயும் இங்கே அவசியமாகிவிடுகின்றன. ஆதலின் பின்னலூசி இரண்டும் நூலுருண்டை ஒன்றும் கொண்டு திண்ணையில் அமர்ந்து பின்னும் வழக்கம் இப்பக்கத்து வீடுகள் சிலவற்றில் உண்டு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது முதல் ஊர் பெருகிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. வைகறைப் பொழுதிலேயே தொழிற்சாலைப் பேருந்துக்காக ஆண்களும் பெண்களும் சாலையோரத்தில் காத்து நிற்கின்றனர். அவ்வாறு காத்து நிற்கும் ஒரு தாய்க்காகவே நான் கூறப்போகும் பை பின்னப்பட்டது.

2009-ஆம் ஆண்டு. தளி செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தி தன் தாய்க்கென ஒரு தோள்பை பின்னினாள். தாய் தொழிற்சாலை வேலைக்குச் செல்பவர். உணவுப் பாத்திரத்தையும் தண்ணீர்க் குப்பியையும் வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு பை வேண்டியிருந்தது. வெள்ளை அக்ரிலிக் நூலில் பையைப் பின்னி முடித்து, அதன் முகப்பில் சிவப்பும் பச்சையுமாக ஓசூர் ரோஜா ஒன்றைப் பூத்தையலாகப் போட்டிருந்தாள். மூன்று மாத உழைப்பு அது. மாலையில் தம்பியைப் பார்த்துக்கொண்டே பின்னியதாகப் பின்னர் அறிந்தேன்.

மறுநாள் கல்வி மாவட்ட அளவில் கைவினைக் கண்காட்சி. பையைக் கையில் வாங்கிப் பார்த்த நான் அதன் உட்புறத்தைத் திருப்பினேன். பூத்தையலின் நூல்கள் அங்குமிங்கும் தாவிக் கிடந்தன, முடிச்சுகள் துருத்திக்கொண்டிருந்தன. “உள்ளே ஒரு நல்ல கெட்டித் துணி வைத்துத் தைத்துவிடுங்கள்” என்று தையலாசிரியையிடம் கூறினேன்.

“வைக்கலாம் ஐயா. ஆனால் புதுத் துணியை ஓரிரவு நனைத்து உலர்த்திய பிறகே தைக்க வேண்டும்” என்றார் அவர்.

“நேரமில்லை அம்மா, நாளைக் காலையில் கண்காட்சி” என்றேன் நான்.

கடைத்தெருவிலிருந்து காடாத் துணி வந்தது. பையின் அளவுக்கே வெட்டி, இழுத்துப் பிடித்து, தையல் எந்திரத்தில் சுற்றிலும் அடித்துக் கொடுத்தார் ஒரு தையற்காரர். பை விறைப்பாக நின்றது. கண்காட்சியில் பரிசும் கிடைத்தது. நான் மகிழ்ந்தேன், என்னையே பாராட்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டு வாரங்கள் சென்றன. பையில் மோர் கொட்டிவிட, தாய் அதனைத் துவைத்தார். உலர்ந்தபோது உள்ளிருந்த துணி சுருங்கி, வெளியிலிருந்த பின்னல் உப்பிச் சுருக்கம் விழுந்து, ரோஜா கசங்கிய காகிதம்போல் ஆயிற்று. துணியைப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று கருதி அவர் இரவு வேளையில் சவர அலகினால் தையலைப் பிரிக்க முற்பட்டார். எந்திரத் தையல் பின்னலுக்குள் ஆழப் புதைந்திருந்தது. அலகு, தையல் நூலோடு பின்னலின் கண்ணி ஒன்றையும் அறுத்துவிட்டது. அந்தக் கண்ணியிலிருந்து ஏணிப்படிபோல் ஒரு கிழிசல் கீழ்நோக்கி ஓடிற்று.

மறுநாள் அம்மாணவி பையை என் மேசைமேல் வைத்தாள். அழவில்லை, குறை கூறவுமில்லை. “இனி என்ன செய்யலாம் ஐயா?” என்று மட்டும் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தையலாசிரியையை அழைத்து வரச் சொன்னேன். அடுத்து வந்த ஒரு வாரம் உணவு இடைவேளைதோறும் அவர் அப்பையைச் சீர்செய்ய, நானும் அருகில் அமர்ந்து பார்த்தேன். அன்று நான் கற்றதையே இன்று உங்களுக்குக் கூறுகின்றேன்.

முதலில், பின்னலும் நெசவும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை உணர வேண்டும். நெசவுத் துணியில் பாவு நூல் நீளவாட்டத்திலும் ஊடை நூல் குறுக்குவாட்டத்திலும் நேர்நேராகச் செல்கின்றன. அவற்றைப் பிடித்து இழுத்தால் நீள்வதில்லை. மூலைவாட்டமாக இழுத்தால் மட்டுமே சிறிது இளகிக் கொடுக்கும். பின்னலிலோ ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகி, ஒரு வரிசையின் கண்ணிக்குள் அடுத்த வரிசையின் கண்ணி நுழைந்து நிற்கின்றது. இழுக்கும்போது வளைவுகள் நிமிர்கின்றன. விட்டால் மீண்டும் வளைகின்றன. பின்னலாடை உடலோடு ஒட்டி நீண்டு சுருங்குவதன் காரணம் இதுவே. குறுக்குவாட்டத்தில் இந்நீட்சி மிகுதி, நெடுக்குவாட்டத்தில் குறைவு. ஒரு கண்ணி அறுந்தால் அது தாங்கி நின்ற கண்ணி நழுவும். அது நழுவ, அதற்கு அடுத்ததும் நழுவும். பையில் ஓடிய ஏணிக் கிழிசல் அவ்வாறு உண்டானதே.

இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதுதான் பூத்தையல். பின்னலின்மேல் ஊசியால் பூவேலை செய்யும்போது, அந்நூல் பல கண்ணிகளைச் சேர்த்துக் கட்டிவிடுகின்றது. அந்த இடத்தில் பின்னல் தன் நீட்சியை இழக்கின்றது. ஆதலின் ஒரே பையில், சுற்றிலும் நீளும் பகுதியும் நடுவில் நீளாத பகுதியும் அமைந்துவிடுகின்றன. இதிலும் ஒரு நன்மை இருந்ததைச் சொல்ல வேண்டும். அந்த மாணவியின் பையில் மேலிருந்து இறங்கிய கிழிசல் ரோஜாவின் விளிம்பை எட்டியதும் நின்றுவிட்டது. பூத்தையலின் நூல் கண்ணிகளைப் பிடித்து வைத்திருந்தமையே காரணம். அவள் போட்ட பூவே அவள் பையைக் காப்பாற்றிற்று.

இனி, துணி ஏன் சுருங்கிற்று என்பதைக் காண்போம். ஆலையில் துணி நெய்யப்படும்போதும், சாயமிட்டு உலர்த்தப்படும்போதும், நூல்கள் இழுவிசைக்கு உள்ளாகின்றன. அந்த இழுப்போடேயே துணி சுருட்டப்பட்டுக் கடைக்கு வருகின்றது. முதன்முறை நீரில் நனையும்போது பருத்தி நூல் ஊறிப் பருக்கின்றது, இழுப்புத் தளர்கின்றது, துணி தன் இயல்பான அளவுக்குத் திரும்புகின்றது. சாதாரணப் பருத்தித் துணி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்குவது வழக்கம். சில துணிகள் இன்னும் மிகுதியாகவும் சுருங்கும். நாற்பது சென்டிமீட்டர் உயரமுள்ள பையில் நூற்றுக்கு ஐந்து என்றால் இரண்டு சென்டிமீட்டர் ஆயிற்று. அக்ரிலிக் என்பதோ செயற்கை இழை. குளிர்ந்த நீரில் அது குறிப்பிடத்தக்க அளவு சுருங்காது. துணி இரண்டு சென்டிமீட்டர் குறைய, பின்னல் குறையாமல் நிற்க, மிஞ்சிய பின்னல் எங்கே செல்லும்? உப்பிச் சுருக்கம் விழுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

அமெரிக்க நாட்டவரான சான்ஃபர்ட் கிளூயட் என்பவர் துணியை முன்கூட்டியே எந்திரத்தால் சுருக்கி வைக்கும் முறையைக் கண்டு 1930-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். துணிக் கடைகளில் ‘சான்ஃபரைஸ்’ என்று கூறப்பட்ட சொல் அவர் பெயரிலிருந்து வந்ததே. ஓரிரவு வாளி நீரில் துணியை ஊறவைப்பது அந்த வேலையையே வீட்டில் எளிய முறையில் செய்வதாகும்.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் இங்கே ஓர் ஒப்புமையைக் கண்டிருப்பீர்கள். வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகப் பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்துச் சூடாக்கினால், பட்டை வளைகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் இந்த ஈருலோகப் பட்டையைத் தம் கடற்பயணக் கடிகாரத்தில் அமைத்து, வெப்ப மாற்றத்தால் நேரம் பிறழாமல் காத்தார். உங்கள் வீட்டு மின் இஸ்திரிப் பெட்டியில் சூடு மிகுந்ததும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் பெரும்பாலும் இத்தகைய பட்டையே. கைக்கடிகாரத் தொழிலால் பெயர் பெற்ற ஓசூரில் வாழும் நீங்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்வது பொருத்தம். இரண்டு பொருள்களின் இயல்பு வேற்றுமையை அறிந்து இணைத்தார் ஹாரிசன், அது கருவியாயிற்று. அறியாமல் இணைக்கச் சொன்னேன் நான்; அது சேதமாயிற்று.

இத்தனை தொல்லை இருக்குமாயின் பின்துணியே வேண்டாமே என்று தோன்றலாம். பின்துணி வேண்டாத பூவேலைகளும் உண்டுதான். நீலகிரியில் தோடர் இனப் பெண்கள் வெள்ளைப் பருத்திப் போர்வையில் சிவப்பும் கறுப்புமான நூல்களால், துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தைக்கும் வேலைப்பாடு இருபுறமும் திருத்தமாக அமைவது. 2013-ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கருநாடகத்தில் தார்வாடுப் பக்கத்தில் வழங்கும் கசூதித் தையலில் கவந்தி, முர்கி என்னும் இரு வகைகள் முன்னும் பின்னும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றில் முடிச்சே இடுவதில்லை. இத்தகைய வேலைக்குப் பின்துணி வைப்பது அழகை மறைப்பதாகும்.

இதற்கு மாறாக, தொடக்கத்திலிருந்தே பின்துணியைத் துணையாகக் கொண்ட வேலையும் உண்டு. லம்பாடிப் பெண்களின் பூத்தையலில் துணியை அடுக்கடுக்காக வைத்து, எல்லா அடுக்குகளையும் ஊடுருவித் தைப்பதைக் காணலாம். கிருட்டிணகிரி மாவட்டம் 2004-ஆம் ஆண்டு தர்மபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. அத்தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைச்சாரலை ஒட்டிய சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் வாழும் லம்பாடி மக்களிடம் இக்கலை மறையும் நிலைக்கு வந்திருந்தது. அங்கே மருத்துவப் பணி ஆற்றிவந்த டாக்டர் லலிதா ரெஜி அவர்களின் முயற்சியால், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அது மீண்டும் உயிர்பெற்றது. அப்பெண்களின் அமைப்புக்குப் ‘போர்கை’ என்று பெயர். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்பது பொருள்.

கைப்பின்னலின்மேல் போட்ட பூத்தையல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பின்னல் நெகிழ்ச்சியானது; பின்புறம் நூல்கள் தாவி நிற்பதை முற்றிலும் தவிர்ப்பது கடினம். ஆதலின் மூன்று காரணங்களால் பின்துணி தேவைப்படுகின்றது. ஒன்று, பை போன்ற பொருளில் பாரத்தைத் துணி தாங்கினால் பின்னல் தொங்கிப் போகாது. இரண்டு, கரண்டி, சாவி முதலியன நூலில் மாட்டி இழுக்கமாட்டா. மூன்றாவது காரணம் குழந்தைகளைப் பற்றியது. கைக்குழந்தையின் காலுறையிலோ கையுறையிலோ உட்புறம் தளர்ந்து கிடக்கும் நூல், அதன் விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடக்கூடும். குழந்தையால் வாய்திறந்து சொல்லவும் இயலாது. காரணமின்றி ஓயாமல் அழும் குழந்தையின் விரல்களைச் சோதித்துப் பார்க்குமாறு மருத்துவர்கள் கூறுவது இதனாலேயே. குழந்தைக்குப் பின்னுவோர் உட்புற நூல்களை மறைத்து மெல்லிய துணி வைப்பது அழகுக்காக மட்டுமன்று.

இப்பொழுது செய்முறைக்கு வருவோம். தையற்காரர்கள் இத்துணியை லைனிங் என்பர்; உருது பேசுவோர் அஸ்தர் என்பர். பெயர் எதுவாயினும் முறை ஒன்றே.

முதலாவது, பின்னலை ஆயத்தம் செய்தல். பின்னி முடித்த பொருளை மிதமான நீரில் நனைத்து, முறுக்காமல் துவாலையில் சுற்றி அழுத்தி நீரை வடித்து, சமதளத்தில் பரப்பி, உரிய வடிவத்தில் குண்டூசி குத்தி, நிழலில் உலரவிட வேண்டும். ஆட்டுக் கம்பளியாயின் வெந்நீரும் கசக்குதலும் கூடவே கூடா. கம்பளி இழையின்மேல் நுண்ணிய செதில்கள் உள்ளன. வெப்பத்திலும் உராய்விலும் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, பின்னல் சுருங்கித் தடித்துவிடும். அதனை மீட்க இயலாது. உலர்ந்த பின்னர் ஒருநாள் அப்படியே விட்டு, அதன் பிறகே அளவெடுக்க வேண்டும். அப்போது கிடைப்பதே பின்னலின் உண்மையான அளவு. கையால் இழுத்துப் பிடித்து எடுப்பது உண்மை அளவன்று.

இரண்டாவது, பூத்தையலின் பின்புறத்தைத் திருத்துதல். நீளமாகத் தாவி நிற்கும் நூல்களை மெல்லிய நூலால் இடையிடையே பிணைத்துவிட வேண்டும். நுனிகளைத் தையலுக்குள்ளேயே செருகி முடிக்க வேண்டும். பின்துணி வைக்கத்தானே போகின்றோம் என்று அலங்கோலமாக விடுவது தவறு. பெரிய முடிச்சு துணிக்கு அடியிலிருந்தும் துருத்தும். நாளடைவில் உராய்ந்து துணியையும் தேய்க்கும்.

மூன்றாவது, துணியைத் தெரிந்தெடுத்தல். உடலில் அணியும் சட்டை, குல்லாய் ஆகியவை நீள வேண்டியவை. அவற்றிற்கு நெசவுத் துணி ஆகாது. திருப்பூரில் ஆகும் பருத்திப் பனியன் துணியே ஏற்றது. அதுவும் எந்திரத்தில் பின்னப்பட்டதாதலின் பின்னலோடு சேர்ந்து நீளும். சட்டை முழுவதற்கும் வைக்காமல் பூத்தையலின் பின்புறம் மட்டும் ஒரு துண்டு வைத்தாலும் போதும். பை, திண்டு உறை, சுவரில் மாட்டும் சித்திரம் ஆகியவை நீளக்கூடாதவை. இவற்றிற்குப் பாப்ளின் போன்ற நெருக்கமான நெசவுத் துணி நன்று. எத்துணியாயினும் முதலில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். வண்ணத் துணியாயின், நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, வெட்டுதல். ஓய்வாகக் கிடக்கும் பின்னலைக் காகிதத்தின்மேல் வைத்து வரைந்து, சுற்றிலும் மடிப்புக்கென ஒன்றரைச் சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுக. திண்டுறைக்கும் சுவர்ச் சித்திரத்திற்கும் இந்த அளவே போதும். பைக்கு மட்டும், தைத்து முடித்த துணி பின்னலைவிட அரைச் சென்டிமீட்டர் அளவு சிறிதாக இருக்கட்டும். அப்போது பாத்திரத்தின் பாரம் முதலில் துணியின்மேல் விழும், பின்னல் இழுபடாது. அரைச் சென்டிமீட்டரைக் கண்ணிகள் தாமே நெகிழ்ந்து ஏற்றுக்கொள்ளும். இரண்டு சென்டிமீட்டரை ஏற்கமாட்டா. துணியின் ஓரங்களை மடித்து இஸ்திரி போட்டுக்கொள்வதைப் பின்னலோடு சேர்ப்பதற்கு முன்னரே முடித்துவிட வேண்டும். சுடும் பெட்டி அக்ரிலிக் பின்னலின்மேல் பட்டால் இழை இளகி, துள்ளல் இழந்து தட்டையாகிவிடும். கம்பளிக்கும் ஈரத்துணி இடையிட்டே சூடு காட்ட வேண்டும்.

ஐந்தாவது, பொருத்துதல். ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றி வந்தால் கடைசி மூலையில் துணி மிஞ்சும் அல்லது பற்றாது. ஆகவே மேல்விளிம்பின் நடுவில் ஒரு குண்டூசி, கீழ்விளிம்பின் நடுவில் ஒன்று, பக்க நடுக்களில் இரண்டு, பிறகு மூலைகள், அதன் பிறகு இடைவெளிகள் என்று வர வேண்டும். பின்னர்ப் பெரிய பெரிய இழைகளாகத் தற்காலிகத் தையல் ஓட்டி, திருப்பிப் பார்க்க வேண்டும். பூ சுருங்கியிருந்தால் அப்போதே பிரித்துச் சரிசெய்யலாம். அவசரக்காரர் தவிர்க்கும் படி இதுவே. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

ஆறாவது, தைத்தல். முனை மழுங்கிய ஊசியே வேண்டும். கூரிய ஊசி நூலைத் துளைத்துப் பிளக்கும். மழுங்கிய ஊசி கண்ணிகளின் இடையே வழி தேடிச் செல்லும். துணியின் மடிப்பு விளிம்பில் ஓர் இழையையும், பின்னல் ஓரத்தின் கண்ணியில் ஒரு பாதியையும் எடுத்து, இறுக்காமல் தைத்துக்கொண்டு வர வேண்டும். பத்துத் தையலுக்கு ஒருமுறை ஒரு சிறு பூட்டுத் தையல் போட்டுக்கொண்டால், ஓரிடத்தில் அறுந்தாலும் முழுவதும் பிரியாது. தையல் நூல் சாதாரணப் பருத்தி நூலாக இருக்கட்டும். அது பின்னலைவிட வலிமை மிக்கதாக இருத்தலாகாது. எதிர்பாராத இழுப்பு நேர்ந்தால் தையல் அறுபடலாம். ஐந்து நிமிடத்தில் மீண்டும் தைத்துக்கொள்ளலாம். தையல் அறுபடாமல் கண்ணி அறுபட்டால் நேரும் கேட்டை முன்னரே கூறினேன். எந்திரத் தையலை நான் வெறுக்கவில்லை. ஆயினும் நெகிழும் பின்னலையும் நெகிழாத துணியையும் எந்திரத்தின் அடியில் ஒன்றாகச் செலுத்தினால் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நகர்ந்துவிடும்.

சுவரில் மாட்டும் பெரிய சித்திரமாயின் கீழ்விளிம்பைத் தைக்காமல் விடுவதும் ஒரு முறை. பழம்பெரும் சித்திரத் திரைகளைப் பாதுகாப்போர் அவ்வாறு செய்கின்றனர். முன்புறத் திரை காலப்போக்கில் ஓரளவு தொங்கும். பின்துணி அவ்வளவு தொங்காது. கீழ்ப்புறம் திறந்திருந்தால் ஒன்றையொன்று இழுக்காமல் இரண்டும் தத்தம் போக்கில் நிற்கும். மேலும், வைக்கும் எத்துணியையும் மூலப்பொருளுக்கு ஊறின்றிப் பிரித்தெடுக்கும்படியே வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய பொது நெறி.

இது வீட்டுத் தையலுக்கு மட்டும் உரிய பாடமன்று. பெங்களூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில், சட்டையின் கழுத்துப் பட்டைக்கு உள்ளே பசைப்புள்ளிகள் கொண்ட உட்துணியைச் சூட்டினால் ஒட்டுகின்றனர். இரண்டு துணிகளின் சுருங்கும் அளவும் ஒத்திராவிட்டால், துவைத்த பின் கழுத்துப் பட்டையில் குமிழ் குமிழாக எழும்பும். ஆதலின் அங்கே துணியைத் துவைத்துச் சோதித்த பின்னரே தைக்க விடுவது முறை. நாளை உங்களுள் சிலர் அத்தகைய தொழிற்சாலைகளில் பொறுப்பேற்கலாம். அன்று, அவசரம் என்று கூறி அச்சோதனையைத் தள்ளச் சொல்லும் மேலதிகாரி ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு என் கதையை எடுத்துச் சொல்லுங்கள்.

பையின் கதையை முடித்துவிடுகின்றேன். தையலாசிரியை பழைய துணியின் தையலை ஒவ்வோர் இழையாக நறுக்கி எடுத்தார். ரோஜாவின் விளிம்பில் நின்ற கண்ணியை ஒரு குரோஷா ஊசியில் மாட்டி, ஏணிப்படி ஒவ்வொன்றையும் அதனூடே இழுத்து, கண்ணிமேல் கண்ணியாக மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். அறுந்த இடத்தில் அதே வெள்ளை நூலை, முன்பிருந்த நூல் சென்ற வழியிலேயே செலுத்திப் பொருத்தினார். மாணவி ஒருபுறம் பிடித்துக்கொண்டாள். பிறகு நனைத்து உலர்த்திய துணியை அவளே வெட்டி, அவளே கையால் தைத்தாள். அவ்வாண்டு நான் அவளுக்குக் கற்பித்தது எவ்வளவு என்று தெரியாது. அந்த ஒரு வாரத்தில் அவளோடு சேர்ந்து கற்றது மிகுதி. இறுதி நாளன்று தையலாசிரியையிடம், “அன்று உங்கள் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும் அம்மா” என்று மாணவியின் முன்னிலையிலேயே கூறினேன். பிழை என்னுடையது என்பதை அவள் என் வாயால் கேட்பதே முறை என்று எனக்குத் தோன்றிற்று.

பல ஆண்டுகளுக்குப் பின், நான் ஓய்வு பெற இருந்த சமயத்தில், ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் அத்தாயைக் கண்டேன். தோளில் அதே பை இருந்தது. வெள்ளை நிறம் பழுத்திருந்தது. ரோஜாவின் சிவப்புச் சற்றே மங்கியிருந்தது. “உள்ளே இருக்கும் துணியை இரண்டு தடவை மாற்றிவிட்டாள் ஐயா. மேலே இருப்பது அப்படியே இருக்கிறது” என்று பையின் வாயை விரித்துக் காட்டினார். நீலப் பூப்போட்ட புதுத் துணி உள்ளே தெரிந்தது.

மாணவச் செல்வங்களே, நல்ல பின்துணியின் இலக்கணம் அதுவே. அது தாங்க வேண்டும்; இறுக்கலாகாது. தேய வேண்டியது அது. நிலைக்க வேண்டியது பின்னல். ஆசிரியராகிய எங்கள் கடமையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று என்பதை நான் சற்றுக் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன். நீங்கள் ஒரு பொருளை மற்றொன்றோடு இணைக்க முற்படும்போதெல்லாம், இரண்டையும் முதலில் ஓரிரவு நீரில் நனைத்துப் பாருங்கள். அவற்றின் இயல்பு தெரிந்த பிறகு ஊசியை எடுங்கள்.